ஹீட் ஷீல்டைக் கழற்றினால் வண்டி பறக்குமா?

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் இருக்கிறது திலக் நகர். ஒரு பக்கம் வீட்டு வசதி வாரியம் கட்டிய குடியிருப்புகள். மறுபக்கம், தமிழ்நாட்டுக்கு ரயில்கள் கிளம்பும் லோகமான்ய திலக் டெர்மினஸ். அடுத்த ஸ்டேஷனான குர்லாவில்தான் ஒரு காலத்தில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை இருந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஃபியட்டையும் பின்னர் பிரீமியர் பத்மினியையும் நாட்டுக்கே செய்து அனுப்பியது. இன்று அந்த நிலத்தில் கோகினூர் சிட்டி நிற்கிறது. பத்மினி டாக்ஸிகளும் போய்விட்டன. 2023 அக்டோபர் இறுதியில் கடைசி வண்டியின் 20 ஆண்டு வயது வரம்பு முடிந்தது. தொழிற்சாலை போனாலும் பழைய வண்டியின் மேல் உள்ள ஆசை இந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் வரிசையாக இருக்கும் பழைய உதிரிபாகக் கடைகளைப் பார்த்தாலே அது புரியும்.

அந்த ஆசையின் இன்றைய முகம் எஸ்டீம், ஜென், முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, ஜிப்ஸி. இருபது, இருபத்தைந்து வயதான இந்த வண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தேற்றி, விடுமுறை நாளில் லோனாவாலா பக்கம் ஆம்பி வேலி ஓடுபாதையில் நடக்கும் டிராக் ரேஸுக்கோ, ஏதாவது மைதானத்தில் நடக்கும் ஆட்டோகிராஸுக்கோ கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். பணக்காரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட மோட்டார் பந்தயத்துக்குள் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் நுழைய இருக்கும் கதவு இதுதான். அது திறந்தே இருக்க வேண்டும்.

ஆனால் வண்டியை ரேஸுக்குத் தயார் செய்கிறோம் என்று ராம்ப்பில் ஏற்றியதும் முதலில் கழற்றப்படுவது பல நேரங்களில் ஹீட் ஷீல்டு. எஞ்சினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலும், வண்டிக்கு அடியில் சைலன்சர் பைப்புக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவிலும் இருக்கும் மெல்லிய தகடு அது. “அண்ணே, அந்தத் தகரம் கடகடன்னு ஆடுது, எடுத்துப் போட்டுடுங்க” என்பார் வண்டிக்காரர். மும்பையின் உப்புக் காற்றிலும் நான்கு மாத மழையிலும் போல்ட் துருப்பிடித்து, ஓட்டை பெரிதாகி, தகடு உண்மையிலேயே ஆடிக்கொண்டிருக்கும். போல்டைத் திருகினால் தலை உடைந்து கையோடு வரும். புதிதாக மாட்டப்போகும் ‘ஃப்ரீ ஃப்ளோ’ ஹெடர்ஸ் எனும் எக்ஸாஸ்ட் குழாய்களுக்குப் பழைய தகடு பொருந்தவும் செய்யாது. போதாக்குறைக்கு, எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற கணக்கு. இத்தனை காரணங்களும் சேர்ந்தால் தகடு பழைய இரும்புக் குவியலுக்குப் போய்விடுகிறது. அதன் இடத்தில் வேறு எதுவும் வருவதில்லை. இது தவறு, ஆபத்தான தவறு. பந்தயத்தின் பெயரால் இதைச் செய்வது பந்தயத்தைப் புரிந்துகொள்ளாமல் செய்வது.

தகடு செய்யும் வேலையைப் பார்த்தால் இது விளங்கும். வண்டியை விரட்டி ஓட்டும்போது பெட்ரோல் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். மேனிஃபோல்டே இருட்டில் செந்நிறமாக ஒளிரும் அளவுக்குச் சூடாகும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதி கதிர்வீச்சாகப் பாய்கிறது. கதிர்வெப்பத்தின் கணக்கு நம் உள்ளுணர்வுக்கு எளிதில் பிடிபடாது. அது தனிவெப்பநிலையின் நான்காவது அடுக்கில் ஏறுகிறது. 300 டிகிரியில் இருக்கும் இரும்பு 600 டிகிரிக்குப் போனால், வீசும் வெப்பம் ஐந்து மடங்குக்கும் மேல். ஊருக்குள் ஆபீஸுக்கு ஓட்டும்போது ஒன்றும் ஆகவில்லை என்பதால் பந்தயத்திலும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

சூடான பரப்புக்கும் குளிர்ந்த பரப்புக்கும் நடுவில் அதே தன்மையுள்ள ஒரு தகட்டை, இருபுறமும் காற்று இடைவெளியோடு நிறுத்தினால், கடந்து செல்லும் கதிர்வெப்பம் பாதியாகிவிடும். தகடு பளபளப்பான அலுமினியமாக இருந்தால் மேலே விழும் கதிர்வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பும். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத, சில நூறு கிராம் எடையுள்ள ஒரு பொருள் இவ்வளவு வேலை செய்கிறது. காரின் உதிரிபாகங்களில் இத்தனை மலிவாக இத்தனை பாதுகாப்பு தருபவை அதிகம் இல்லை.

எடைக் கணக்கையும் முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். எஸ்டீமின் எடை ஏறக்குறைய 900 கிலோ. மேனிஃபோல்டின் தகட்டையும் அடித்தகடுகளையும் கழற்றினால் ஒன்றிரண்டு கிலோ குறையும். ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு. மறுபக்கத்தில், மூடியில்லாத மேனிஃபோல்டு பானட்டுக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் 3 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். 10 டிகிரி கூடினால் 3 சதவீதத்துக்கு மேல். காற்று குறைந்தால் எரியும் பெட்ரோலும் குறையும், பவரும் குறையும். எம்.பி.எஃப்.ஐ. எஸ்டீமின் 85 குதிரைத்திறனில் இரண்டு, இரண்டரை குதிரைத்திறனை இப்படி இழக்க நேரலாம். பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்பவர்தான் முதலில் அந்தத் தகட்டைக் காப்பாற்ற வேண்டும்.

பழைய வண்டி என்பதால் கவலை இன்னும் கூடுகிறது. மேனிஃபோல்டைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ஒயரிங், ஸ்டார்ட்டர் மோட்டார், எஞ்சின் மவுண்ட்டின் ரப்பர், சில வண்டிகளில் பிரேக் பைப், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட். இருபது வருடம் பானட் சூட்டில் வெந்த ரப்பர் ஏற்கெனவே விறைத்திருக்கும். ஒயரின் பிளாஸ்டிக் உறை மடித்தால் நொறுங்கும். வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து ஆயில் கசிவது இந்த வயது வண்டிகளில் சகஜம். தகடு இருக்கும் வரை அந்தக் கசிவு பெரும்பாலும் தகட்டின் மேல் விழுந்து புகையோடு நின்றுவிடும். தகடு இல்லையென்றால் நேராகச் சிவந்த இரும்பின் மேல் விழும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் மும்பைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கலாம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. மும்பைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆயிலை வருடக்கணக்கில் மாற்றாத ஒரு பழைய வண்டியில், எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகும் பிரேக் பைப்புக்கு மறைப்பாக இருந்த தகட்டையும் எடுத்துவிட்டால், பைப்புக்குள் ஆயில் கொதித்துக் குமிழி விடும். மிதித்த பெடல் தரைவரை போகும். பந்தயத்தில் விரட்டிய வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் அடுத்த சில நிமிடங்களுக்குப் பானட்டுக்குள் வெப்பம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். விசிறியும் காற்றோட்டமும் நின்ற பிறகு தேங்கும் அந்தச் சூடுதான் மிகக் கொடியது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கையைச் சுடுவதுபோல. பத்மினி டாக்ஸிக்காரர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணி போட்டு வைத்ததற்குக் காரணமும் இந்தச் சூடுதான்.

எக்ஸாஸ்ட்டின் அருகே சின்னதாக ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே உண்டு. 2010 மார்ச்சில் மும்பை முலுண்டில், ஷோரூமிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த புத்தம்புதிய டாடா நானோ நடுவழியில் தீப்பிடித்து எரிந்தது. வேறு சில நானோக்களும் எரிந்தன. அந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால். விசாரணைக்குப் பிறகு நிறுவனம் சொன்ன காரணங்கள் இரண்டு: வெளியே வாங்கி மாட்டிய மின்கருவிகள், எக்ஸாஸ்ட்டின் மேல் தங்கிவிட்ட அந்நியப் பொருள். அந்த ஆண்டு நவம்பரில், விற்ற நானோக்களுக்கு எக்ஸாஸ்ட்டிலும் மின்னமைப்பிலும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகச் செய்து தருவதாக நிறுவனம் அறிவித்தது. உற்பத்தியாளர் கூடுதல் பாதுகாப்பு சேர்த்த இடத்தில், இருபது வருடப் பழைய வண்டிக்காரர் இருப்பதையும் கழற்றுகிறார்.

அதே 2010-இல், விலையில் நானோவுக்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கும் ஃபெராரிக்கும் இதே இடத்தில்தான் அடி விழுந்தது. 458 இத்தாலியா கார்கள் சில எரிந்தன. பின்சக்கர வளைவில் ஹீட் ஷீல்டை ஒட்டப் பயன்படுத்திய பசை சூட்டில் இளகி, தகடு வளைந்து எக்ஸாஸ்ட்டைத் தொடும் ஆபத்து இருந்தது தெரியவந்தது. 1,248 கார்களைத் திரும்ப அழைத்து, பசைக்குப் பதிலாக உலோகப் பிணைப்புகளைப் போட்டார்கள். கவனிக்க வேண்டியது: தகடு ஆடுகிறது, நகர்கிறது என்று தெரிந்ததும் ஃபெராரி பொறியாளர்கள் தகட்டை நீக்கவில்லை, இறுக்கினார்கள்.

அடித்தகடுகளுக்கு இன்னொரு கதை உண்டு. 1995 ஏப்ரல் 1 முதல் மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. புகையின் நச்சைக் குறைக்கும் இந்தக் கருவி வேலை செய்யவே சில நூறு டிகிரி சூடு வேண்டும். ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக வேலை செய்யாமல் எரியாத பெட்ரோல் உள்ளே போனால் சூடு கட்டுமீறும். கன்வர்ட்டர் உள்ள வண்டியில் அடித்தகடு இல்லாமல் ஓடுவது தரைவிரிப்புக்குக் கீழே நெருப்பை வைத்துக்கொண்டு ஓடுவதுதான். வண்டி காய்ந்த புல்லின் மேல் நின்றால் என்ன ஆகும் என்பது ஆஸ்திரேலிய உள்நாட்டுப் பகுதிகளில் ஓட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஸ்பினிஃபெக்ஸ் புல் எக்ஸாஸ்ட்டைச் சுற்றிச் சிக்கி வண்டியோடு எரிவது பழைய பிரச்சினை. லோனாவாலா, தளேகாவ் பக்கத்துச் சஹ்யாத்ரி மேடுகள் மழைக்காலத்தில் பச்சை. டிசம்பர் வந்தால் இடுப்பளவுப் புல் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். வார இறுதிப் போட்டிகளுக்கு உகந்த பருவமும் அந்தக் குளிர்காலம்தான். வண்டிகளை நிறுத்துவதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட புல்வெளியில்தான்.

“ரேஸ் காரில் இதெல்லாம் இருக்காதே” என்று ஒரு பதில் வரும். உண்மையான ரேஸ் காரில் அது வேறு உருவத்தில் இருக்கிறது. சாலையில் ஓடும் போட்டி வண்டிகளுக்குச் சைலன்சர் இருக்க வேண்டும், சூடான குழாய்கள் யாரையும் சுடாதபடி போதிய பாதுகாப்பு இருக்க வேண்டும், எக்ஸாஸ்ட் தற்காலிக ஒட்டுவேலையாக இருக்கக் கூடாது என்கிறது சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதித்தொகுப்பு. எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் தீ புகாத தடுப்பு, பெட்ரோல் குழாய்களுக்குக் காப்பு, வண்டிக்குள் தீயணைப்பான் என்று பாதுகாப்பு விதிகள் நீள்கின்றன. மெக்லாரன் எஃப்1 காரில் எஞ்சின் அறையின் சுவரில் தங்கத் தகடு ஒட்டியதற்கு ஆடம்பரம் காரணமல்ல. கதிர்வெப்பத்தைத் திருப்புவதில் தங்கம் சிறந்தது. ஒரு கிலோ எடை குறைக்க எவ்வளவும் செலவழிக்கும் அவர்கள் அந்த எடையை மனமுவந்து சேர்த்தார்கள்.

நம்மூர் மரபிலும் இந்த அறிவு இருந்திருக்கிறது. சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் ஃபியட்டுகளும் ஓடிய காலத்திலிருந்து, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வரை, கிடைத்த வண்டியைக் கையால் மாற்றிச் செய்த மனிதர்களால்தான் இந்திய மோட்டார் பந்தயம் வளர்ந்தது. கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரையே உருவாக்கினார். அவர் பெயரில் கோவையில் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு பாகத்தை எடுத்தால் அதன் வேலையை யார் செய்வது என்று கேட்கத் தெரிந்தவர்களின் மரபு அது. 1980-இல் இமாலய ராலியைத் தொடங்கிய நசீர் ஹுசைன் மும்பைக்காரர். விதியையும் பரிசோதனையையும் மதித்த ஒரு பந்தயப் பண்பாடு இந்த நகரத்துக்கு அந்நியமல்ல.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தடத்தில் ஓட்டுபவர் தீ பிடிக்காத நோமெக்ஸ் உடை போட்டிருக்கிறார். தீயணைப்பானோடு மார்ஷல்கள் ஆங்காங்கே நிற்கிறார்கள், ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. அதே வண்டி ஞாயிறு மாலை சயன்–பன்வேல் சாலையில் நெரிசலில் ஊர்ந்து, அமர் மகால் சந்திப்பைக் கடந்து திலக் நகருக்குத் திரும்பும்போது ஓட்டுநர் பருத்திச் சட்டையில் இருக்கிறார்; பின்சீட்டில் தங்கையோ நண்பரோ இருக்கலாம். இரவில் அது நிற்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே, பத்து ஸ்கூட்டர்களுக்கு நடுவில்.

தகட்டைக் கழற்றியே ஆக வேண்டிய சந்தர்ப்பம் இல்லையா? உண்டு. ஹெடர்ஸ் மாற்றினால் பழைய தகடு பொருந்தாது. அதை மறுத்துப் பயனில்லை. அப்போது அதன் வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். பலரும் உடனே வாங்குவது எக்ஸாஸ்ட் ராப் எனும் கண்ணாடியிழை நாடா. பார்க்க ரேஸ் கார்போல இருக்கும், வெப்பத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் மும்பை மழையில் நனைந்தால் ஈரத்தையும் பிடித்து வைக்கும். உள்ளே சாதா இரும்புக் குழாய் துருப்பிடித்து விரிசல் விடும். ஆயில் சொட்டி ஊறினால் நாடாவே விளக்குத் திரியாகிவிடும். பந்தயத்துக்கு மட்டும் ஓடி, ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்கப்படும் வண்டிக்கு அது சரி. தினசரி ஓடும் வண்டிக்குச் செராமிக் பூச்சு மேல். அதைவிட மேல், அளவெடுத்துச் செய்த புதிய தகடு.

அந்தப் புதிய தகட்டைச் செய்ய மும்பையைவிட வசதியான ஊர் எது? தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய அலுமினியத்தை உருக்கிப் பாளமாக்குகிறார்கள். குர்லாவிலும் தாராவியிலும் தகர வேலைப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அட்டையில் வெட்டிய மாதிரியைக் கொடுத்தால் வளைத்துத் தர ஆள் உண்டு. எங்கே எந்த உலோகம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். அதனால் தரைத்தகட்டுப் பக்கம் அலுமினியம், மேனிஃபோல்டை ஒட்டிய இடத்தில் அலுமினியப் பூச்சுள்ள இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குழாயோடு தகடு ஒட்டக் கூடாது. விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும், ஏனெனில் பாதி வேலையைச் செய்வது அந்தக் காற்றுதான். ஸ்டெயின்லெஸ் போல்ட், அகலமான வாஷர். வெறும் கடகட சத்தம்தான் பிரச்சினை என்றால் இவ்வளவும் தேவையில்லை. பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றையோ துணியையோ சுற்றும் வழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால் அது இன்றே நிற்க வேண்டும். அதன் இழை நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். அதைச் சுவாசிப்பவர் வண்டிக்காரர் அல்ல, கேரேஜில் கீழே படுத்து வேலை செய்யும் இளைஞர். மூடியில்லாத மேனிஃபோல்டில் கை வைத்துச் சுட்டுக்கொள்பவரும் அவரே. வண்டிக்காரரின் வேக ஆசைக்கு அவருடைய தோலும் மூச்சும் விலையாகக் கூடாது.

சட்டமும் பணமும் சம்பந்தப்பட்ட ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. தனியார் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குக் காப்பு இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கும். பந்தயத்துக்காகக் கழற்றிய தகடு காரணமாகத் திங்கட்கிழமை வண்டி எரிந்தால், நஷ்ட ஈட்டுக் கோரிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

போட்டி நடத்துகிற கிளப்புகளும், இந்தியாவில் மோட்டார் பந்தயத்தை நிர்வகிக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யும் வண்டிப் பரிசோதனையின்போது எக்ஸாஸ்ட்டைச் சுற்றியிருக்கும் காப்பைத் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அசல் தகடு இல்லையென்றால் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியைத் தடத்தில் இறக்காமல் அனுப்ப வேண்டும். பதினைந்து வருடம் முடிந்த தனியார் கார்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறார்கள். திலக் நகர், செம்பூர் வண்டிகள் அதற்காக வடாலா ஆர்.டி.ஓ.வுக்குத்தான் போகின்றன. அங்கே ஹாரனையும் விளக்கையும் பார்க்கிற நேரத்தில் வண்டியின் அடிப்பக்கத்தையும் ஒரு நிமிடம் குனிந்து பார்க்கலாம்.

கேரேஜ்காரர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கழற்றிய தகட்டைப் பழைய இரும்புக்குப் போடாமல், வண்டி எண்ணை எழுதி உரிமையாளரின் கையில் கொடுத்து, பந்தயம் முடிந்த மறுநாள் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பொருத்துகிற கூலியைக் கழற்றும்போதே பில்லில் சேர்த்து வாங்கிவிட்டால், வண்டி நிச்சயம் திரும்பி வரும்.